‘எல்லாம் எரியுதே!’ – வீடு பார்க்கப் போகும்போது தேட வேண்டிய மின் ஆபத்துகள்

வாடகைக்கோ விலைக்கோ வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் எப்படி என்று கேட்பார்கள், வாஸ்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். கரன்ட் விஷயத்தில் மட்டும் ஒரே சோதனைதான்: ஸ்விட்ச்சைப் போடுவது. விளக்கு எரிந்து ஃபேன் சுற்றினால் திருப்தி. கூட வரும் வீட்டுக்காரரும் அதையே சொல்வார்: “எல்லாம் எரியுதே சார், அப்புறம் என்ன?”

விளக்கு எரிய இரண்டு கம்பி போதும். ஃபேஸ் வழியாகக் கரன்ட் வரும், நியூட்ரல் வழியாகத் திரும்பும். கசியும் கரன்ட்டைத் தரைக்கு இறக்கும் எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் ஃபிரிட்ஜ் குளிரும். ஃப்யூஸ் கட்டையில் கிடைத்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தாலும் கிரைண்டர் அரைக்கும். கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியைக் கழற்றிப் போட்டுவிட்டாலும் டிவி ஓடும். பாதுகாப்புக்காக வைத்த பாகங்கள் எதற்கும் அன்றாட ஓட்டத்தில் வேலை கிடையாது. அதனால் அவை செத்துக் கிடந்தாலும் வெளியே தெரியாது. விபத்து நடக்கிற அன்றைக்குத்தான் தெரியவரும். ஆகவே ஒரு வீட்டின் மின்சாரத்தைச் சோதிப்பவர், இல்லாமலே போயிருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டாத பாகங்களைத் தேடிப் போக வேண்டும்.

கீழே சொல்லியிருப்பதெல்லாம் கண், மூக்கு, காது, கூடவே ஒரு சாதாரண டெஸ்டர் இருந்தால் பார்த்துவிடக்கூடியவை. ஸ்விட்ச் போர்டைக் கழற்றுவது, ட்ரிப்பர்கள் இருக்கும் டிபி பாக்ஸின் மூடிக்குப் பின்னால் கை விடுவது எல்லாம் வயர்மேன் வேலை. நீங்கள் இறங்க வேண்டாம். காலில் செருப்பு இருக்கட்டும், கை உலர்ந்திருக்கட்டும். இன்னொன்று: மெயினை ஆஃப் செய்தாகிவிட்டது, இனி வீட்டில் கரன்ட்டே இல்லை என்று நம்பிவிடாதீர்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் அணைந்த மறுநொடியே விளக்கு, ஃபேன் லைன்களில் 230 வோல்ட் திரும்ப வந்துவிடும். தொழில் தெரிந்தவர்களே ஏமாறும் இடம் இது.

சூடும் கசிவும்

வீட்டு மின்சாரத்தால் வரும் கெடுதல்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். ஒன்று சூடு. கம்பி தாங்குவதைவிட அதிகக் கரன்ட் ஓடினாலும், கம்பியைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தாலும் அந்த இடம் கொதிக்கும், கம்பியின் உறையான இன்சுலேஷன் உருகும், கடைசியில் தீப்பிடிக்கும். மற்றது கசிவு. கரன்ட் தன் பாதையை விட்டு ஃபிரிட்ஜின் உடம்புக்கோ, ஈரச் சுவருக்கோ, குழாய்க்கோ போவது. அதைத் தொடும் ஆள் வழியாகத் தரைக்கு இறங்கும். நாம் ஷாக் என்பது அதைத்தான்.

அதிகக் கரன்ட்டால் வரும் சூட்டைத் தடுக்க எம்.சி.பி., அதாவது பேச்சில் நாம் ட்ரிப்பர் என்கிறோமே அது. பழைய வீடுகளில் ஃப்யூஸ். கசிவைத் தடுக்க எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. “அதான் ட்ரிப்பர் இருக்கே” என்று சொல்பவர் பாதி வீட்டுக்குத்தான் காவல் வைத்திருக்கிறார்.

வெளியிலிருந்து தொடங்குங்கள்

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரை அண்ணாந்து பாருங்கள். அதன் மேலுறை வெயிலில் வெடித்திருக்கிறதா? தகரக் கூரையிலோ ஜன்னல் கிரில்லிலோ தென்னை மட்டையிலோ உரசுகிறதா? காற்றடிக்கும்போது உரசி உரசி உறை தேய்ந்துவிட்டால், மழை நாளில் அந்தத் தகரம் முழுக்கக் கரன்ட் பாய்ந்து நிற்கும். துணி காயப்போடும் கொடியையும் பாருங்கள். இரும்புக் கம்பியில் கொடி கட்டி, அதன் ஒரு முனையை சர்வீஸ் வயர் இறங்கும் பைப்பிலோ ஈபி கம்பத்திலோ முடிந்து வைப்பது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். மழைக்காலத்தில் ஈரத்துணியைக் கொடியில் போடப் போய் உயிர் விட்ட செய்திகளை எல்லோரும் படித்திருப்போம். நைலான் கயிறு போதும். இரும்புக் கம்பி இருந்தால் முதல் வேலையாக அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.

மொட்டை மாடிக்கும் ஏறிவிடுங்கள். வீடு கட்டும்போது தள்ளி இருந்த லைன், மேலே ஒரு மாடி எழுப்பியதும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கும். சாதாரண தாழ்வழுத்த லைன் மாடிக்கு நேர் மேலே போனால் 2.5 மீட்டர் உயரமும், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும் என்பது விதி. 11,000 வோல்ட் லைன் என்றால் மேலே 3.7 மீட்டர். பால்கனியிலிருந்து ஒட்டடைக் குச்சியை நீட்டினால் லைனில் படும் என்கிற வீட்டைக் குழந்தைகள் உள்ளவர்கள் யோசித்து எடுக்கலாம்.

மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் தண்ணீர் தேங்கும் தெருக்களில், முழங்கால் உயரத்தில் பொருத்திய மீட்டர் போர்டு ஒவ்வொரு மழைக்கும் தலைவலி. எதிர்ச் சுவரில் பழைய வெள்ளக் கறை தெரிந்தால் அதன் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்டருக்குக் கீழே ஃப்யூஸ் கட்டைகள் இருக்கும். பீங்கான் உடைந்து, கறுப்புப் புகை படிந்து இருந்தால் அங்கே ஒருமுறையாவது பெரிதாக எரிந்திருக்கிறது.

ஃப்யூஸ் பற்றி ஒரு வார்த்தை. 5 ஆம்பியர் ஃப்யூஸுக்கான கம்பியின் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். அது அடிக்கடி போகிறது என்று சலித்துப்போய், வயரிலிருந்து நாலைந்து செம்பு இழைகளை முறுக்கிச் சுற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஃப்யூஸ் போகவே போகாது. சுவருக்குள் இருக்கும் வயர்தான் போகும். “எங்க வீட்ல ஃப்யூஸே போனதில்லை” என்று பெருமையாக யாராவது சொன்னால், கட்டையைக் கழற்றிக் காட்ட அவர்களின் வயர்மேனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

டிபி பாக்ஸ்

வீட்டுக்குள் நுழைந்ததும் ட்ரிப்பர்கள் வரிசையாக இருக்கும் அந்தப் பெட்டியின் கதவைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றின் முகத்திலும் சி6, சி10, சி16, சி32 என்று அச்சிட்டிருக்கும். எண்தான் ஆம்பியர். அந்த ட்ரிப்பர் காப்பாற்றுவது அதற்குப் பின்னால் ஓடும் கம்பியை. எனவே கம்பியின் தடிமனுக்குத் தகுந்த எண் இருக்க வேண்டும். கடைக்காரரும் எலக்ட்ரீஷியனும் ஒன்றரை, இரண்டரை, நாலு என்று சொல்வது கம்பியின் குறுக்குவெட்டைச் சதுர மில்லிமீட்டரில். ஒன்றரைக்கு 10 ஆம்பியர், இரண்டரைக்கு 16, நாலுக்கு 20 அல்லது 25 என்பது வீட்டு வயரிங்கில் நிதானமான வழக்கம்.

கெடுவது எங்கே என்றால், புதிதாக ஏசி வாங்குகிறார்கள், 10 ஆம்பியர் ட்ரிப்பர் விழுகிறது, யாரோ வந்து அதை எடுத்துவிட்டு 32 வைத்துவிட்டுப் போகிறார்கள். ஏசி ஓடுகிறது. கம்பி மட்டும் அதே ஒன்றரை. விளக்கு லைனுக்கு 25, 32 என்று பெரிய எண் இருந்தாலோ, வரிசையில் எல்லாமே ஒரே எண்ணாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள். யோசித்துச் செய்த டிபியில் சிறியதும் பெரியதும் கலந்துதான் இருக்கும். எது எந்த அறைக்கு என்று எழுதியும் இருக்கும்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். சூடேறிய சில வகை ஸ்விட்ச் பிளாஸ்டிக்குகள் மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை அடிக்கும். சமையலறையில் மீன் இல்லாத நாளில் டிபி பக்கமோ பிளக் பக்கமோ அந்த வாடை வந்தால் தேட வேண்டியது அங்கேதான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்று கேளுங்கள். ‘சர்ர்’ என்ற மெல்லிய இரைச்சல் வந்தால் உள்ளே ஏதோ திருகு தளர்ந்து பொறி பறக்கிறது.

ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும்: இங்கேதான் உயிர் இருக்கிறது

மனித உடம்பில் சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிவிடும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பு குலையும் அபாயம் தொடங்குகிறது. ஒரு 9 வாட் எல்இடி பல்பு இழுப்பதே ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். அதாவது ஒரு சின்ன பல்பை எரிய வைக்கும் கரன்ட் ஓர் ஆளைக் கொல்லப் போதும். வீட்டிலுள்ள மிகச் சிறிய ட்ரிப்பரே 6 ஆம்பியர், 6000 மில்லி ஆம்பியர். உங்கள் உடம்பில் கரன்ட் பாய்வது அதன் கணக்கில் யாரோ விளக்குப் போட்ட மாதிரிதான். விழாது.

ஆர்.சி.சி.பி. வேறு விதமாக யோசிக்கும். ஃபேஸில் போன கரன்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று விடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனது 5 ஆம்பியர், வந்தது 4.97 என்றால், அந்த 30 மில்லி ஆம்பியர் எங்கோ வழிமாறிப் போயிருக்கிறது. 0.3 விநாடிக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். டிபியில் மற்ற ட்ரிப்பர்களைவிட அகலமாக, ‘டி’ (T) என்று எழுதிய ஒரு குட்டிப் பட்டனோடு இருப்பது அதுதான். பழக்கத்தில் இன்னும் பலர் ஈ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள். முகத்தில் 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று இருக்கிறதா பாருங்கள். 100, 300 என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க உதவும். ஆளைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

இப்போது வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அந்த ‘டி’ பட்டனை அமுக்குங்கள். டக்கென்று விழுந்து வீடு இருள வேண்டும். விழாவிட்டால் கருவி செத்துவிட்டது. பலர் அந்தப் பட்டனை ஒருமுறைகூட அமுக்கியிருக்க மாட்டார்கள். நீங்கள் கை வைக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். இன்னொரு வினோதமும் உண்டு. மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று யாரோ ஒருவர் அதைச் சுற்றி நேராக வயர் கொடுத்து ‘பைபாஸ்’ செய்திருப்பார். பெட்டியில் அது அழகாக உட்கார்ந்திருக்கும். பட்டனை அமுக்கினால் விழக்கூடச் செய்யும், ஆனால் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே பட்டனை அமுக்கும்போது கண் கருவி மேல் மட்டும் இருந்தால் போதாது. விளக்குகளும் பிளக் பாயின்ட்களும் அணைந்தனவா என்றும் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதை முதலில் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் எதற்கு, எர்த் இருந்தால் ஆர்.சி.சி.பி. எதற்கு என்ற கேள்வி வரும். ஒரு கணக்குப் போடலாம். தனி வீட்டுக்குத் தோட்டத்தில் எர்த் குழி இருக்கிறது. கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய குழி. வெயில் காலத்தில் காய்ந்துவிடும் என்று சிலர் வாளித் தண்ணீர் ஊற்றுவார்களே, அதுதான். அதன் எதிர்ப்பு 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீசருக்குள் கம்பி பழுதாகி ஃபேஸ் அதன் உடம்பில் பட்டுவிட்டது. குழி வழியாக ஓடும் கரன்ட், 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். கீசரின் ட்ரிப்பர் 16. உடனே விழ வேண்டாமா? விழாது. 16 ஆம்பியர் ட்ரிப்பர் 23 ஆம்பியரில் விழுவதற்கு ஒரு மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் வடிவமைப்பே. அதுவரை கீசரின் உடம்பும், அதே எர்த்தில் சேர்ந்திருக்கும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்புகளும் கரன்ட்டோடு நிற்கும். ஆர்.சி.சி.பி. இருந்தால் 23 ஆம்பியர் கசிவு அதற்கு மலை மாதிரி. யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். மறுபக்கம், எர்த்தே இல்லாத வீட்டில் ஆர்.சி.சி.பி. மட்டும் இருந்தால், கசிவுக்குப் போக வழி இல்லாததால் அது காத்திருக்கும். முதலில் தொடுகிற ஆள்தான் வழி. அவருக்கு ஷாக் அடித்த பிறகுதான் விழும். பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார், ஆனால் ஸ்டூல் மேல் நிற்கும்போது அடித்தால் விழுந்து கை காலை உடைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டும்.

எர்த் இல்லை என்பதற்கு வீடே சில குறிப்புகள் கொடுக்கும். வெறுங்காலோடு வாஷிங் மெஷினின் உலோகப் பகுதியையோ கம்ப்யூட்டர் பெட்டியையோ புறங்கையால் தடவினால் ‘ஜிவ்’வென்று ஒரு கூச்சம் தெரியும் என்று குடியிருப்பவர்கள் சொல்வார்கள். நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், கேட்டால் போதும். “லேசா அடிக்கும், பழகிடுச்சு” என்பது வழக்கமான பதில். அந்தச் சாதனங்களுக்குள் இருக்கும் ஃபில்டர் எப்போதும் ஒரு துளிக் கரன்ட்டை எர்த் வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும். போக எர்த் இல்லாததால் உடம்பிலேயே நிற்கிறது. இன்றைக்கு அது கூச்சம் மட்டும்தான். உள்ளே ஒரு கம்பி தோல் உரிந்தால் அதே இடத்தில் 230 வோல்ட்.

பிளக் பாயின்ட்: அரை அடிச் சதுரத்தில் எவ்வளவோ

மூன்று ஓட்டை பிளக் பாயின்ட்டை நேராகப் பாருங்கள். மேலே பெரிய ஓட்டை எர்த். கீழே வலது ஃபேஸ், இடது நியூட்ரல். டெஸ்டரை முதலில் கரன்ட் உள்ளது என்று தெரிந்த ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்விட்ச்சைப் போட்டுச் சோதித்தால் வலதில் மட்டும் எரிய வேண்டும். இடதில் எரிந்து வலதில் எரியாவிட்டால் கம்பிகள் மாறியிருக்கின்றன. அப்படியானால் ஸ்விட்ச்சை அணைத்தாலும் சாதனத்துக்குள் ஃபேஸ் நிற்கக்கூடும். இரண்டிலும் எரிகிறது, வீட்டில் எதுவும் ஓடவில்லை என்றால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. மேலே எர்த் ஓட்டையில் எரிந்தால் அந்த அறையை விட்டு வெளியே வந்து மெயினை அணைக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜைத் தொட்டால் போதும் என்ற நிலை அது.

எர்த் ஓட்டையில் டெஸ்டர் எரியவில்லை என்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கம்பியே இணைக்காத வெற்று ஓட்டையிலும் எரியாதுதானே. சரியாகத் தெரிந்துகொள்ள வயர்மேன்கள் பழைய வழியாக ஒரு 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பார்ப்பார்கள். முழு வெளிச்சம் வந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது. மங்கலாக எரிந்தால் பலவீனம். ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் பல்பு எரிவதற்குள் அது விழுந்துவிடும், அதுவும் நல்ல அடையாளமே.

இதையும் ஏமாற்றும் ஒரு தில்லுமுல்லு உண்டு. குழியிலிருந்து எர்த் கம்பி இழுப்பது செலவு என்று, பிளக்குக்குப் பின்னால் நியூட்ரலிலிருந்து ஒரு விரல் நீளக் கம்பியை எடுத்து எர்த் முனையில் சேர்த்துவிடுவார்கள். டெஸ்டர் பார்த்தால் சரி, பல்பு பார்த்தால் சரி, மூன்று விளக்கு வைத்த சோதனைப் பிளக்கைச் செருகினாலும் சரி. நான் பார்த்தவற்றில் இதைப்போல ஆபத்தான குறுக்குவழி வேறில்லை. அந்த லைனில் நியூட்ரல் எங்காவது ஒரு திருகில் கழன்றால், ஃபிரிட்ஜுக்குள் போன ஃபேஸ் நியூட்ரலில் திரும்ப வழியில்லாமல், அந்தக் குட்டிக் கம்பி வழியாக ஃபிரிட்ஜின் உடம்பில் ஏறி நிற்கும். எந்தப் பழுதும் இல்லாத புது ஃபிரிட்ஜ் கொலைக் கருவியாகிவிடும். போர்டைத் திறந்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். அதனால் வயர்மேனைக் கூட்டிவரும்போது இரண்டு மூன்று பிளக்குகளையாவது திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து சூட்டின் அடையாளங்கள். கீசர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு செருகும் 16 ஆம்பியர் பவர் பிளக்குகளைக் குனிந்து பாருங்கள். வெள்ளை முகப்பில் ஏதாவது ஓர் ஓட்டையின் விளிம்பு மட்டும் பழுப்பேறியிருக்கும். சில இடங்களில் ஓட்டையே உருகி முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். செருகியிருக்கும் பிளக்கை இழுத்தால் லேசில் வராது; வந்தால் பித்தளைக் கால்களில் ஒன்று பளபளப்பு போய்க் கறுத்திருக்கும். இதற்குக் காரணம் சாதனம் பெரியது என்பதல்ல, பிடிப்பு தளர்ந்தது. 2000 வாட் கீசர் இழுப்பது சுமார் 9 ஆம்பியர். தளர்ந்த இடத்தில் அரை ஓம் எதிர்ப்பு இருந்தாலே அங்கே பிறக்கும் சூடு 40 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் பற்றவைப்புக் கோலே 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றைச் சுவருக்குள் வைத்து நாள்தோறும் அரை மணி நேரம் ஓட்டுவது மாதிரி. கரன்ட் அளவு மீறவில்லை என்பதால் ட்ரிப்பருக்கு இது தெரியவே தெரியாது, ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள்தான். முடிந்தால் கீசரை இருபது நிமிடம் போட்டு வைத்து, அதன் ஸ்விட்ச் போர்டின் பிளாஸ்டிக் முகப்பில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் சரியில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கிரைண்டர், ஓவன், கெட்டில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தச் சமையலறையில் பிளக் பாயின்ட்கள் போதவில்லை என்று பொருள். பாக்ஸ் குடியிருப்பவருடையது, போகும்போது எடுத்துப் போய்விடுவார். பற்றாக்குறை உங்களுக்கு வரும்.

இரவில் பார்க்க வாய்த்தால் ஒரு சின்ன விஷயம்: ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மினுக்மினுக்கென்று மங்கலாக எரிகிறதா? ஸ்விட்ச்சிலேயே குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதனாலும் இப்படி ஆகும், பயமில்லை. இல்லாவிட்டால் ஃபேஸை வெட்ட வேண்டிய ஸ்விட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கலாம். அந்த ஹோல்டரில், ஸ்விட்ச் அணைந்திருந்தாலும், பல்பு மாற்றக் கை வைத்தால் ஷாக் அடிக்கும்.

ஈரம் உள்ள இடங்கள்

குளியலறையில் ஷவரிலிருந்து தண்ணீர் தெறிக்கும் தூரத்தில் பிளக் பாயின்ட் இருக்கக் கூடாது. கீசர் ஸ்விட்ச் வெளியே இருப்பது உத்தமம். வாளியில் போடும் ஹீட்டர் ராடு பயன்படுத்தும் வீடு என்றால், ராடைச் செருகும் பிளக்குக்கு ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும் இருந்தே ஆக வேண்டும்.

சம்ப் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி மழையில் நனையாத இடத்தில் இருக்கிறதா, மோட்டாருக்குப் போகும் வயரில் கறுப்பு டேப் சுற்றிய ஒட்டுகள் தரையில் கிடக்கின்றனவா என்று பாருங்கள். டேப் ஒட்டு ஈரத்தில் கிடந்தால் ஒரு மழைக்காலம் தாங்காது.

ஓதம் ஏறிய சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால், கசிவு நிற்கும்வரை ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். அது தொந்தரவு இல்லை, புகார். ஆணி அடிப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மறைவு வயரிங்கில் பைப் பெரும்பாலும் போர்டிலிருந்து நேர் மேலே கூரை நோக்கிப் போகும். போர்டுக்கு நேர் மேலே காலண்டர் ஆணி இருந்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

பழைய வீடும் மூன்று ஃபேஸ் வீடும்

சுவர்மேல் மர ரீப்பர் அடித்துக் கிளிப் போட்டு வயர் ஓட்டிய வீடுகள் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் பார்க்கலாம். அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த வயரின் உறை இறுகி, வளைத்தால் பொடிந்துவிடும் நிலைக்கு வந்திருக்கும். 1970, 80-களில் பல வீடுகளில் அலுமினியக் கம்பி ஓட்டினார்கள். அலுமினியம் திருகுக்கடியில் நாளாக நாளாக நசுங்கிப் பிடிப்பு தளரும். இப்படிப்பட்ட வீட்டில் ஏசி, இண்டக்‌ஷன் வைக்கும் எண்ணம் இருந்தால் வயரிங் மாற்றும் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

மூன்று ஃபேஸ் வீட்டில் மோட்டாரோ ஏசியோ ஓடத் தொடங்கும்போது சில விளக்குகள் மங்கி வேறு சில விளக்குகள் பளிச்சென்று ஏறினால், பொது நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. எல்லா விளக்கும் ஒன்றாக மங்குவது வேறு விஷயம், அது சாதாரணம். சிலது ஏறி சிலது இறங்குவதுதான் ஆபத்து. நியூட்ரல் முழுக்க விட்டுப்போனால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறி, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது

கம்பத்திலிருந்து மீட்டர் வரை ஈபி பொறுப்பு. சர்வீஸ் வயர் தொய்வு, கம்பத்தில் பொறி, மீட்டர் முனையில் கருகல் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குப் புகார் சொல்லலாம். மீட்டர் சீலை யாரும் உடைக்கக் கூடாது, வயர்மேனும் உடைக்கக் கூடாது. மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பு பேசினால்தான் காரியம் நடக்கும்.

எர்த் ஓட்டையில் கரன்ட், பைபாஸ் செய்த ஆர்.சி.சி.பி., கருகிய பவர் பிளக், நியூட்ரலிலிருந்து எடுத்த போலி எர்த் ஆகிய நான்கையும் குடிபோவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டும். ஆர்.சி.சி.பி.யே இல்லை என்றால் அதை வாங்கிப் பொருத்தும் செலவு ஒரு மாத வாடகையைவிட அநேகமாகக் குறைவு. வீட்டுக்காரர் மறுத்தால் நானாக இருந்தால் என் காசிலேயே போட்டுக்கொள்வேன். எழுதாத டிபி, போதாத பிளக் பாயின்ட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உரிமம் உள்ள வயர்மேனிடம் மூன்று அளவுகள் கேளுங்கள்: எர்த்தின் எதிர்ப்பு எத்தனை ஓம், ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியரில் விழுகிறது, மெகர் என்ற அளவுக் கருவியை வைத்துப் பார்த்தால் வயரிங்கின் இன்சுலேஷன் எதிர்ப்பு எவ்வளவு. கடைசியாகச் சொன்னது 500 வோல்ட்டில் குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். மெகர் சோதனைக்கு மெயின் அணைந்திருக்க வேண்டும், இன்வெர்ட்டரைப் பிரித்திருக்க வேண்டும், பல்புகளைக் கழற்றி எல்லாப் பிளக்கையும் உருவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த 500 வோல்ட் எல்இடி டிரைவரையும் டிவியையும் பதம் பார்த்துவிடும். அதனால் பழைய குடித்தனக்காரர் காலி செய்த பிறகு, உங்கள் சாமான் லாரி வருவதற்கு முன்பாக, வீடு வெறுமையாக இருக்கும் அந்த இடைவெளியில் வயர்மேனை வரச் சொல்லிவிடுங்கள்.